இரணைமடு நடைபவனி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மாசியில் கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் தொடங்கி, வாய்க்கால் வீதியால் முரசுமோட்டைப் பக்கம் வரை 12 கிலோமீற்றர் நடக்கிறோம். சேரும் காசு முழுவதும் கனகராயன் ஆற்றங்கரையில் மருதங்கன்று நட்டு, அதை இரண்டு கோடை தப்ப வைக்கிற வேலைக்கு. கேள்விகள் நிறைய வந்துவிட்டதால் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

அண்ணை, அனுசரணை என்று ஆட்களிடம் எப்படிக் கேட்பது? (உயர்தர மாணவி)

தங்கச்சி, படிவத்தில் இரண்டு வழி இருக்கிறது. கிலோமீற்றருக்கு நூறு ரூபாய் என்று ஒருவர் எழுதினால், நீங்கள் முழுதும் நடந்தால் 1200. இல்லாவிட்டால் மொத்தமாக ஒரு தொகை. நான் மொத்தத் தொகையைத்தான் சொல்வேன். நடந்து முடிந்த பிறகு வீடு வீடாகப் போய்க் காசு கேட்பது சங்கடம், பாதி வராது. முதலே வாங்கி, அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள். எதற்கு இந்தக் காசு என்று கேட்டால் "இயற்கையைக் காக்க" என்று பொதுவாகச் சொல்லாமல், கன்று, வேலி, தண்ணீர் என்று சொல்லுங்கள். கணக்கு கமக்காரர் அமைப்பின் பலகையில் ஒட்டப்படும்.

ரி-சேட் தருவீர்களா?

இல்லை. அந்தக் காசுக்கு வேலி அடைப்போம்.

ஏன் மருது? தேக்கு வைத்தால் பிறகு பெறுமதியாவது இருக்குமே?

ஆற்றங்கரை மருதின் இடம். ஈரத்தில் நிற்கும், வெள்ளம் வந்தாலும் வேர் கரையை விடாது. ஆனால் இப்போது சில வளைவுகளில் போய்ப் பாருங்கள், ஆள் உயரத்துக்கு வேர் வெளியே தொங்குகிறது, அடியில் மண்ணே இல்லை. இரவில் மணல் ஏற்றியதன் விளைவு அது. ஆற்றின் அடி பதிந்தால் பக்கத்துக் கிணறுகளிலும் தண்ணீர் இறங்கும், சுண்டிக்குளப் பக்கம் போகப் போக உவரும் ஏறும். ஆகவே கன்று நடுவது பாதி வேலைதான். மணல் அள்ளுவது நிற்காத இடத்தில் ஒரு கன்றும் வைக்க மாட்டோம், இதைக் காசு தருபவர்களிடமும் சொல்லியே வாங்குகிறோம். தேக்கு பற்றி ஒரு வரி: அது இங்கே கொண்டுவந்து நட்ட மரம், ஆற்றங்கரைக்குத் தேவையில்லை.

அப்போ அன்றைக்கே பனங்கொட்டையும் ஊன்றலாமா?

மாசியில் ஊன்றினால் வீண். ஆவணி, புரட்டாதியில் கொட்டை பொறுக்கி, ஐப்பசி மழையோடு ஊன்ற வேண்டும், அதுவும் மரம் நிற்க வேண்டிய அதே இடத்தில். பையில் வளர்த்துப் பிறகு பிடுங்கி நடச் சரிவராது. முளை நேரே கீழே போகும், கிழங்கு கிண்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மருதங்கன்றும் ஐப்பசியில்தான் நடுவோம், மாசியில் நடை மட்டும்.

எத்தனை கிலோமீற்றர்? எங்கே தொடக்கம்?

மேலே முதல் வரியில் இருக்கிறது.

காடு, மரம் என்று நடக்கிறீர்கள். எங்கள் பாட்டனின் காணியில் வன இலாகாவினர் எல்லைக்கல் போட்டுக் காடு என்கிறார்கள். உங்கள் நடை அவர்களுக்குத்தானே பலம்? (ஒட்டுசுட்டானில் இருந்து)

ஐயா, இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லக் கூடாது. சனம் போரால் இடம்பெயர்ந்து ஆண்டுக்கணக்கில் வெளியே இருந்தது, அந்த இடைவெளியில் வயலும் வளவும் பற்றையாகிவிட்டன. மேலே இருந்து படம் பிடித்தால் எல்லாம் பச்சைதான். நடந்து பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். பற்றைக்குள் கிணற்றுக்கட்டு, வீட்டு அத்திவாரம், ஒரு பழைய மாமரம் இருந்தால் அது மனிதர் இருந்த வளவு. பாலையும் வீரையும் இரண்டு பேர் கட்டிப்பிடிக்கும் பருமனில் நின்றால் அது காடு, ஏனென்றால் பாலை அவ்வளவு மெதுவாக வளரும் மரம். உறுதி (காணியின் உரிமைப் பத்திரம்) உள்ளவரின் காணி அவரிடமே வர வேண்டும், இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. எங்கள் காசில் ஒரு சதமும் எல்லைக்கல்லுக்குப் போகாது.

காணி காணி என்று எல்லாவற்றையும் வெட்டினால் யானை வயலுக்கு வராமல் எங்கே போகும்? (மேலுள்ளவருக்கு)

தம்பி, அவர் காட்டை வெட்டக் கேட்கவில்லை, தன் வளவைக் கேட்கிறார். இரண்டையும் கலக்காதீர்கள். யானை வரும் வழியை மறித்துப் பெருங்காடு வெட்டுகிறவர்கள் வேறு ஆட்கள், அதற்கு ஒட்டுசுட்டான்காரரும் நானும் நீங்களும் ஒரே பக்கம்தான் நிற்போம்.

அப்போ உறுதி இல்லாமல் அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ளவர்கள்?

அவர்களுக்கும் அதே நியாயம்தான். பத்திரத்தின் பிரதியோடு பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். காணி பற்றி இன்னும் பேச ஆசைதான், ஆனால் நடைக்கு வருபவர்களின் கேள்விகள் காத்திருக்கின்றன.

வழியில் காட்டுக்குள் இறங்கிப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். வீதியை விட்டு இறங்க வேண்டாம். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை, வெள்ளம் வெடிபொருளை இடம் மாற்றும். மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து எங்களிடம் சொல்லுங்கள்.

மன்னாரில், வங்காலையில் இதேபோல் செய்ய விரும்புகிறோம்.

நல்லது. வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியம் என்று பட்டியலிட்ட ஈரநிலம். ஆனால் மாசி, பங்குனியில் வலசைப் பறவைகள் திரும்பிப் பறக்கக் கொழுப்புச் சேர்க்கிற காலம், கூட்டமாகச் சேற்றுத்தரைக்குள் இறங்கினால் ஒவ்வொரு எழும்பலிலும் அந்தக் கொழுப்புக் கரையும். வீதியோரம் நில்லுங்கள், தொலைநோக்கி போதும்.

தண்ணீர்ப் போத்தல் தருவீர்களா? ரி-சேட்?

ரி-சேட் இல்லை என்று எழுதிவிட்டேன். தண்ணீர் குடத்தில் இருக்கும், வீட்டுப் போத்தல் கொண்டு வாருங்கள். ஜீவனி பைக்கற் (உடலில் நீர் வற்றாமல் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) எங்களிடம் உண்டு. புதுச் சப்பாத்து போட வேண்டாம், கதிர்காமத்துக்கு நடந்தவர்களைக் கேட்டால் ஏன் என்று சொல்வார்கள்.

இருட்டோடு வெளிக்கிட்டால் வெயிலுக்கு முன் முடிக்கலாமே?

யானை நடமாடும் பக்கம். நன்றாக விடிந்த பிறகுதான் வெளிக்கிடுவோம். வீதியை விட்டு இறங்காமல், சேர்ந்தே நடப்போம்.

அம்மாவுக்கு முழங்கால் நோ, ஆனால் வரத்தான் வேண்டும் என்கிறா.

கூட்டி வாருங்கள். குளக்கட்டில் ஒரு கிலோமீற்றர் நடக்கட்டும், பிறகு கஞ்சி காய்ச்சுகிற இடத்துக்கு உழவு இயந்திரத்தில் ஏற்றிவிடுவோம். அவவின் படிவத்தில் மொத்தத் தொகையாகவே எழுதுங்கள்.