மகளுக்கு ஏன் இல்லை பிரபு பட்டம்?

கேள்வி: பிரிட்டனில் ஒரு பிரபு இறந்தால், பெற்ற மகள்கள் இருந்தும் பட்டம் தூரத்துப் பங்காளிக்குப் போய்விடுகிறதாமே? பெண்வழியில் உரிமை இறங்கும் மருமக்கத்தாயம் இருந்த நாட்டில் பிறந்த எனக்கு இது புரியவில்லை. இந்தியர் யாருக்காவது அப்படிப் பரம்பரைப் பட்டம் கிடைத்ததுண்டா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: பாலக்காட்டுச் சித்தூரில் ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதியே தலை நரைத்தவன் நான். சொத்துத் தகராறு என்று யார் வந்தாலும், ஆதாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பிரபு பட்டமும் அப்படித்தான். மன்னர் கொடுக்கும் சாசனத்திலேயே அடுத்தது யார் என்று இருக்கும். பெரும்பாலும் ‘முறையான திருமணத்தில் பிறந்த ஆண் வாரிசுகள்’ என்றே எழுதினார்கள். மகன் இல்லையா, முதல் பிரபுவின் ஆண்வழியில் வந்த அடுத்தவரைத் தேடுவார்கள். அப்படி ஒருவரும் இல்லாவிட்டால் பட்டமே முடிந்துவிடும். கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் அரியணையே சகோதரியின் மகனுக்குத்தான் போனது, உங்களுக்கு வியப்பு வருவது நியாயம்தான்.

மாற்றி எழுதவும் முடியும். மவுண்ட்பேட்டனுக்கு மகன் இல்லை. 1946இல் பட்டம் தரும்போதே மகளுக்குப் போகும்படி எழுதினார்கள். 1979இல் அவர் கொல்லப்பட்டதும் மூத்த மகள் பட்ரீஷியா வாரிசானார். அரியணைக்கு ஆண்பிள்ளை முந்தும் விதியை 2013இல் சட்டம் போட்டு எடுத்தவர்கள், பிரபு பட்டங்களை மட்டும் தொடவில்லை. எனக்கு அதில் கோபமே உண்டு.

இந்தியருக்கும் கிடைத்தது. வங்காள வழக்கறிஞர் சத்தியேந்திர பிரசன்ன சின்ஹா 1919இல் ராய்ப்பூர் சின்ஹா பிரபு ஆனார். 1928இல் அவர் இறந்தார். மகன் அருணின் உரிமை 1939இல்தான் தீர்ந்தது. காரணம், பெற்றோரின் கல்யாணம். அது இந்து முறைப்படி நடந்தது. அன்றைய சட்டப்படி கணவன் இன்னொருத்தியையும் கட்டலாம். அதில் பிறந்தவர் சாசனம் சொல்லும் முறையான வாரிசா என்ற கேள்வி வந்தது. சின்ஹாவோ இந்து சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தவர், அங்கே ஒருவனுக்கு ஒருத்திதான். மகன் பிறப்பதற்கு முன்பே சேர்ந்துவிட்டார் என்பதை வைத்து, பிரிட்டன் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் குழு அருணை ஏற்றுக்கொண்டது.

அப்புறம், உங்கள் வீட்டில் யாருடைய கல்யாணமாவது பதிவாகாமல் இருந்தால், பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்டு இப்போதே பதிந்துவிடுங்கள். வாரிசுச் சான்றுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான்.