வழுக்குகிற குளியலறை

(சிறைக்குள் போய்ப் பார்த்துக் குறிப்பெழுத அரசு நியமிக்கும் வெளியாளான சிறைப் பார்வையாளராக இரண்டு முறை இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை இந்த வாரம் பதில் சொல்கிறார்.)

அடிதடி வழக்கில் என் மகனை ரிமாண்ட் செய்து மத்திய சிறையில் வைத்திருக்கிறார்கள். 21 வயது. மனு போட்டுப் பார்த்தேன். வலது கையில் மாவுக்கட்டு. ஸ்டேஷன் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் யாரிடம் போவது?
– பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

அம்மா, அந்தக் குளியலறைகள்மீது எனக்கும் நெடுநாளாகச் சந்தேகம் உண்டு. வருடக்கணக்காக அங்கேயே முகம் கழுவும் ஏட்டய்யா யாரும் வழுக்கி விழுந்ததாக இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

மனு பார்க்கும் இடத்தில் நின்றுகொண்டு, "யாரடா அடித்தது?" என்று மகனைக் கேட்காதீர்கள். ஒரே நேரத்தில் இருபது பேர் கத்துகிற இடம் அது. பக்கத்தில் வார்டர் நிற்பார். நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். அவன் பிளாக்குக்குத் திரும்ப வேண்டும்.

காகிதத்தைத் தேடுங்கள். கைது செய்யும்போதே உடலில் உள்ள காயங்களைக் குறித்து, அதில் கைதானவரும் அதிகாரியும் கையெழுத்திட்டு, அவருக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும். காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்க்க வேண்டும். டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இலேயே சொன்னது இது. ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் கொடுத்த சீட்டு ஒன்று இருக்கும். சிறைக்குள் சேர்த்தபோது அங்கே எழுதிய குறிப்பு இன்னொன்று. இவற்றின் நகல்களை வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் கேளுங்கள். மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், கை எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் நடுவில் முறிந்தது என்பது தெரிந்துவிடும்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, இலவசம். ரிமாண்டை ஒரு முறைக்கு 15 நாளுக்கு மேல் நீட்டிக்க முடியாது. அடுத்த நீட்டிப்பின்போது வீடியோ திரையில் காட்டாமல் மகனை நேரில் கொண்டுவரச் சொல்லி மனு கொடுங்கள். மாஜிஸ்திரேட் முன்னால் அவனே வாய் திறக்கட்டும். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம், கட்டணமில்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுதிவிட வேண்டும்.

இப்போதுதான் எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வந்துவிட்டதே. இன்னும் எதற்கு வெளியாள் கண்காணிப்பு?
– சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

சாத்தான்குளத்திலும் கேமரா இருந்தது தம்பி. 2020 ஜூனில் ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் பிடித்துப்போனார்கள். கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன இருவரும் சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தபோது, பதிவுகள் தினமும் தானாகவே அழிந்துவிடும்படி கருவியை அமைத்துவைத்திருந்தார்கள். ஹார்ட் டிஸ்கில் இடமில்லாமல் இல்லை. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே அங்கிருந்த காவலர்கள் மரியாதையின்றிப் பேசினார்கள். காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கையில் ஒப்படைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. கடைசியில், இருவரையும் ஸ்டேஷனில் வைத்து அடித்த அந்த இரவைப் பற்றிச் சொன்னது, அங்கேயே பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். கேமரா சொல்லவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில், கேமரா இரவிலும் பார்க்க வேண்டும், குரலையும் பதிய வேண்டும், பதிவு 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாவட்டந்தோறும் இதைக் கவனிக்கக் குழுவும் வேண்டும் என்றது. கழிப்பறைக்குள் மட்டும் கேமரா கூடாது, அது நியாயம்தான். விழுகிறவர்கள் எல்லாரும் அங்கேயே போய் விழுவதுதான் வேடிக்கை.

விருதுநகர் அம்மாவுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன்: மகனைப் பிடித்துப்போன தேதியின் பதிவை அழிக்காமல் வைக்க உத்தரவிடக் கோரும் மனுவை இந்த வாரமே நீதிமன்றத்தில் போடச் சொல்லுங்கள்.

திருடனுக்கும் கொலைகாரனுக்கும் ஏன் இத்தனை கரிசனம்?
– வாசகர், ஈரோடு

இந்தியச் சிறைகளில் இருக்கும் நான்கு பேரில் ஏறக்குறைய மூன்று பேர் விசாரணைக் கைதிகள். திருடனா இல்லையா என்று நீதிமன்றமே இன்னும் சொல்லவில்லை; நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

சிறைப் பார்வையாளர் என்றால் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தானே போவீர்கள்? வெள்ளையடித்துக் காட்டுவார்களே! நான் இதற்கு முன்வரலாமா?
– ஓய்வுபெற்ற கருவூல ஊழியர், திருச்சி

காட்டினார்கள். முதல் தடவை தகவல் சொல்லிவிட்டுத்தான் போனேன். வெளிக்கதவைத் தாண்டும் முன்பே பிளீச்சிங் பவுடர் வாசனை. தேநீர், முந்திரி பிஸ்கட். சாம்பாரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். என் வீட்டுச் சாம்பாரைவிடக் கெட்டி. இன்ஸ்பெக்‌ஷன் அன்று என் பள்ளியில் நான் என்னென்ன செய்வேனோ அத்தனையும் எனக்கே நடந்தது.

அடுத்த தடவை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சொல்லாமல் போனேன். சமையற்கூடப் பக்கமே போகவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டைக் கேட்டேன். வந்து சேர அரை மணி நேரம் ஆயிற்று. மூன்று வாரத்துப் பதிவு ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரு மை திட்டுக்கூட இல்லாமல் இருந்தது. ஆசிரியர்கள் மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பும் வருகைப் பதிவேட்டை முப்பது வருடம் பார்த்தவள் நான். அதன் பிறகு புகார்ப் பெட்டியைக் காட்டச் சொன்னேன். 1979-இல் டெல்லி திகார் சிறையிலிருந்து ஒரு கைதி, பக்கத்துக் கைதியை வார்டர் வதைத்ததை உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதமாக எழுதினார். சிறைதோறும் பூட்டிய புகார்ப் பெட்டி வேண்டும் என்ற உத்தரவு அந்தக் கடிதத்தால் வந்தது. பெட்டி இருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டேன். ஜெயிலர் தம் மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

இரண்டையும் பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதினேன். மூன்றாம் முறை பட்டியலில் என் பெயர் இல்லை. பார்வையாளரை நியமிப்பதும் அரசு, சிறையை நடத்துவதும் அரசு. இலங்கையில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணி நேரத்துக்குள் மனித உரிமை ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றாவது சட்டத்தில் இருக்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, அதற்குக் கட்டுப்படுவதாக இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை.

நீங்கள் தாராளமாக முன்வரலாம் ஐயா. அடித்துத் திருத்திய எண் கருவூலக்காரர் கண்ணுக்குத் தப்பாது. மதிய நேரத்தில் போங்கள். தேநீர் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்; அதைக் குடித்து முடிப்பதற்குள் பதிவேடு தயாராகிவிடும்.