கிரெடிட் ஸ்கோர் குறைந்தவர்களைத் தேடி வரும் கார்டுகளை வாங்கலாமா?

பழைய கடன் ஒன்றை ஒழுங்காகக் கட்ட முடியாமல் போனதால், கடனைத் திருப்பிக் கட்டும் நம்பகத்தைக் காட்டும் மதிப்பெண்ணான கிரெடிட் ஸ்கோர் சரிந்துவிட்டது. இப்போது "ஸ்கோர் தடையில்லை, ஒப்புதல் உறுதி" என்று கார்டு விளம்பரங்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றில் ஒன்றை வாங்கிப் பயன்படுத்தினால் ஸ்கோர் ஏறும் என்கிறார்களே, வாங்கலாமா என்பது என்னிடம் ஒருவர் கேட்ட கேள்வி. நண்பர்களும் உறவினர்களும் கொண்டுவரும் கார்டு ஒப்பந்தங்களையும் மாதாந்திர பில்களையும் படித்துப் பொருள் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டதால், அந்த அனுபவத்தை வைத்தே பதில் எழுதுகிறேன்.

இத்தகைய கார்டுகள் எல்லாமே மோசடி அல்ல. ஆனால் இருக்கும் நிலையில் புதிதாக ஒரு கார்டை வாங்குவதற்கு உங்களுக்கு உள்ள ஒரே நியாயமான காரணம் ஸ்கோரைச் சீர்செய்வது என்றால், அந்தக் காரியத்தை அந்தக் கார்டு செய்ய விடுமா என்பதைத்தான் முதலில் ஆராய வேண்டும். நான் பார்த்த பல ஒப்பந்தங்களில், அவற்றின் கட்டண அமைப்பே அந்த நோக்கத்துக்குக் குறுக்கே நிற்கிறது.

பணம் திரும்பி வருமா என்ற ஐயம் உள்ள ஒருவருக்கு ஈடு எதுவும் வாங்காமல் கடன் கொடுக்கும் நிறுவனம், கடன் வரம்பை மிகச் சிறியதாக வைத்துவிட்டு, வருமானத்தைக் கட்டணங்களில் தேடிக்கொள்கிறது. வட்டி வருவது நீங்கள் பாக்கி வைத்தால்தான். கட்டணமோ கார்டு கைக்கு வந்தவுடனேயே உறுதியாக வந்துவிடும். விண்ணப்பக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், மாதப் பராமரிப்புக் கட்டணம், வரம்பை உயர்த்துவதற்கு ஒரு கட்டணம், கேட்காமலே சேர்க்கப்படும் காப்பீட்டுப் பிரீமியம் என்று அவை வெவ்வேறு பெயர்களில் வரும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சிறியதாகத் தெரிவதால், யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் தொடக்க வரம்பின் பெரும்பகுதியைக் கட்டணமாகவே எடுத்துக்கொண்ட கார்டுகள் ஒரு காலத்தில் தாராளமாக விற்கப்பட்டன. 2009ஆம் ஆண்டுக் கிரெடிட் கார்டு சட்டம், முதல் ஆண்டுக் கட்டணங்கள் தொடக்க வரம்பில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவிருந்த சமயத்தில், கட்டணத்தைக் குறைத்த ஒரு வங்கி, 300 டாலர் வரம்புள்ள கார்டுக்கு 79.9 சதவீத ஆண்டு வட்டி வைத்தது. பின்னர் 2013இல், கணக்குத் தொடங்கிய பிறகு வசூலிக்கும் கட்டணங்களுக்கு மட்டுமே அந்த 25 சதவீத வரம்பு பொருந்தும் என்று விதி திருத்தப்பட்டதால், கணக்குத் தொடங்கும் முன்பே வாங்கப்படும் கட்டணம் அதற்கு வெளியே போய்விட்டது. ஒரு வழியை அடைத்தால் வருமானம் வேறு வழியாக வந்து சேர்கிறது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். எந்த நாட்டில் இருந்தாலும், வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து ஒரு கார்டை மதிப்பிட முடியாது.

இனி ஸ்கோருக்கு வருவோம். அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபைகோ (FICO) என்ற ஸ்கோர் மதிப்பீட்டில் தவணைகளை நாள் தவறாமல் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீத எடையும், நிலுவையில் உள்ள தொகைக்கு 30 சதவீத எடையும் உண்டு. மற்ற மதிப்பீட்டு முறைகளிலும் இவ்விரண்டுக்கும் முக்கிய இடம் இருக்கிறது. நிலுவை என்னும்போது, மொத்த வரம்பில் எத்தனை விழுக்காட்டைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்பதே பெரிதும் கவனிக்கப்படுகிறது. 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. 300 டாலர் வரம்புள்ள கார்டில் 75 டாலர் கட்டணம் ஏறினால், கடைக்குப் போகும் முன்பே 25 சதவீதம் பயன்படுத்தியவராக ஆகிவிடுகிறீர்கள். அதன் பிறகு 60 டாலருக்கு ஏதேனும் வாங்கினால் அது 45 சதவீதம். ஸ்கோரை ஏற்றித் தருவதாகச் சொல்லி விற்கப்பட்ட கார்டு, தன் கட்டணத்தாலேயே உங்களைக் கடன் மிகுந்தவராகக் காட்டுகிறது.

வட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த மாதம் குறைந்தது இவ்வளவு கட்டினால் போதும் என்று பில்லில் காட்டும் "குறைந்தபட்சத் தொகை" என்ற வரியில் பலர் ஏமாறுகிறார்கள். மாதம் 3.5 சதவீதம் என்பது ஆண்டுக்கு 42 சதவீதம். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் 51 சதவீதத்தைத் தாண்டும். 10,000 ரூபாய் பாக்கி இருக்கையில் குறைந்தபட்சத் தொகையாக 500 கட்டினால், 350 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 150 மட்டுமே. அத்துடன், பாக்கி வைத்த மாதத்திலிருந்து புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லா நாள்கள் பெரும்பாலும் கிடைக்காது. ஏடிஎம்மில் பணம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். தனிக் கட்டணமும் உண்டு.

"முன்ஒப்புதல்" என்று வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒப்புதல் அல்ல. விண்ணப்பிக்க விடுக்கும் அழைப்புதான். நீங்கள் விண்ணப்பித்த பிறகே நிறுவனம் உங்கள் கடன் அறிக்கையை, அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவை, முழுமையாகக் கேட்டுப் பார்க்கும். அந்த விசாரணை அறிக்கையில் பதிவாகி, ஸ்கோரைச் சற்றுக் குறைக்கும். ஓரிடத்தில் மறுத்தார்கள் என்று அதே வாரத்தில் வேறு மூன்று இடங்களில் விண்ணப்பிப்பவர், பணத்துக்குத் தவிப்பவராகவே மதிப்பிடப்படுவார்.

இன்னொரு வகைக் கார்டு உண்டு. வரம்பு பெரிதாக இருக்கும். ஆனால் அதை அந்த நிறுவனத்தின் சொந்தக் கடையிலோ இணையதளத்திலோ மட்டுமே பயன்படுத்த முடியும். பொருள்களின் விலையும் வெளியே இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் ஒழுங்காகக் கட்டுவதை, கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு மாதந்தோறும் தெரிவிப்பீர்களா? "இல்லை" என்றோ மழுப்பலாகவோ பதில் வந்தால், எத்தனை ஆண்டுகள் கட்டினாலும் உங்கள் ஸ்கோரில் அதற்குப் பயன் இராது.

கார்டு தருவதற்கு முன்பே யாரோ ஒருவரின் தனிப்பட்ட கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னாலோ, தொலைபேசியில் ஓடிபி கேட்டாலோ, அது சலுகையே அல்ல. பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். "பழைய பதிவை அழித்துத் தருகிறோம்" என்பவர்களும் கிட்டத்தட்ட இதே இனம்தான். உண்மையிலேயே தவணை தவறியிருந்தால் அந்தப் பதிவைப் பணம் கொடுத்து அழிக்க முடியாது. பதிவில் பிழை இருந்தால் அதைத் திருத்தக் கோருவதற்கு இடைத்தரகர் தேவையில்லை. இந்தியாவில் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி வைத்த விதி 2024 முதல் நடைமுறையில் உள்ளது.

என்னிடம் நேரில் கேட்பவர்களுக்கு, வைப்புத் தொகையை ஈடாக வைத்து வாங்கும் கார்டையே பரிந்துரைக்கிறேன். ஈடு இருப்பதால் வங்கிக்குக் கட்டணங்களில் ஈடுகட்ட வேண்டிய கட்டாயம் குறைவு. ஆண்டுக் கட்டணமே இல்லாத கார்டுகளும் கிடைக்கின்றன. ஃபிக்சட் டெபாசிட்டின் மீது தரப்படும் கார்டானால், டெபாசிட்டுக்கு வட்டியும் தொடர்ந்து வரும். ஆனால் "என் பணம்தானே அங்கே இருக்கிறது" என்று கட்டாமல் விட்டுவிடக் கூடாது. வங்கி டெபாசிட்டில் கழித்துக்கொள்வதற்கு முன்பே தாமதம் அறிக்கையில் ஏறிவிடும். மாதந்தோறும் தவறாமல் வரும் சிறிய செலவு ஒன்றை மட்டும் அந்தக் கார்டில் வைத்து, முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழியும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்த ஏற்பாட்டைச் செய்யும் படிவத்தில் குறைந்தபட்சத் தொகை என்ற தெரிவும் பக்கத்திலேயே இருக்கும். தவறி அதைத் தேர்ந்துவிடாதீர்கள்.

அந்தப் பழைய பாக்கி இன்னும் தீராமல் இருந்தால், புதிய கார்டைவிட அதுவே முதல் வேலை. ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து "செட்டில்மென்ட்" தருவதாகச் சொன்னால், அறிக்கையில் அது முழுமையாக முடிந்த கடனாகப் பதிவாகாது என்பதை அறிந்தே சம்மதியுங்கள்.

ஏற்கெனவே அதிகக் கட்டணக் கார்டு ஒன்று கையில் இருந்தால், பாக்கியை முழுவதும் அடைத்துவிட்டு, அடுத்த ஆண்டுக் கட்டணம் ஏறும் முன் எழுத்து மூலம் மூடச் சொல்லுங்கள். இந்தியாவில், பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாள்களுக்குள் மூடாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மூடியதற்கான கடிதத்தைப் பத்திரப்படுத்தி, இரண்டொரு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு "மூடப்பட்டது" என்று மாறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.