வந்ததும் வராததுமாக

கேள்வி: ஜப்பானிய மொழித் தேர்வில் என்-1 என்ற உச்ச நிலைக்குப் படிக்கிறேன். 'உடனே' என்பதற்கு அரை டஜன் இலக்கண வடிவங்கள் இருக்கின்றன. எல்லாம் ஒன்றுதானே, ஒன்றை மட்டும் படித்தால் போதாதா? (ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: 'ஒன்றுதானே' என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். எங்களுக்கு வரும் மொழிபெயர்ப்புக் கதைகளில் எங்கு பார்த்தாலும் 'உடனடியாக'. உடனடியாக எழுந்தாள், உடனடியாகக் கதவைத் திறந்தாள். அடித்து அடித்து என் பேனா தீர்ந்ததுதான் மிச்சம். வந்ததும், வந்தவுடன், வந்த கையோடு, வந்ததும் வராததுமாக என்று தமிழில் எத்தனை இருக்கிறது! பள்ளிவிட்டு வரும் பிள்ளை பையைக்கூட இறக்காமல், வந்ததும் வராததுமாக "பசிக்குது" என்கிறது. அங்கே 'உடனடியாக' போட்டுப் பாருங்கள், தோளில் தொங்கும் பை காணாமல் போகும்.

ஜப்பானிய மொழியிலும் 'யா இனாயா' இதே வேலையைச் செய்கிறது. 'இனா' என்றால் இல்லை. நடந்ததா இல்லையா என்று தெரிவதற்குள் அடுத்தது நடந்துவிடுகிறது. நம் 'வராததுமாக'வில் இருக்கும் எதிர்மறை அங்கேயும் இருக்கிறது. ஆனால் அது எழுத்து நடை, பேச்சில் அதிகம் வராது. 'நாரி' நம் 'கையோடு' மாதிரி: இரண்டு செயலையும் ஒரே ஆள் செய்ய வேண்டும். ஆனால் 'சாப்பிட்ட கையோடு மாத்திரையைப் போடு' என்று நாம் சொல்வதுபோல நாரியை வைத்து ஏவ முடியாது. அடுத்தவர் செய்ததை வியப்போடு சொல்வதற்குத்தான் அது.

இதற்குக் கீழ்நிலையிலேயே படித்திருப்பீர்களே, 'தொதான்', 'ஷிதாய்'? ஜன்னலைத் திறந்தேன், எதிர்பாராமல் பூனை உள்ளே பாய்ந்தது: தொதான். 'விவரம் தெரிந்ததும் தெரிவிக்கிறேன்' என்று அலுவலகக் கடிதத்தில் எழுதுவது ஷிதாய், இனி நடக்கப்போவதற்கு. நேற்று பாய்ந்த பூனைக்கு ஷிதாய் போடவே கூடாது.

சரி, இந்த ஒற்றுமையைப் பார்த்துவிட்டு 'ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்தது' என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். தமிழோடு உறவு உண்டு என்று காட்ட ஜப்பானிய மொழியறிஞர் ஒனோ சுசுமு பல ஆண்டுகள் உழைத்தார். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. இரண்டிலும் வினை கடைசியில் வருகிறதே என்பீர்கள். அது கொரிய மொழியிலும் உண்டு, துருக்கி மொழியிலும் உண்டு. இதே பக்கத்தில் முன்பு இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்னும் சொல்வேன்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், 'சோபா காரா'. 'ஒபோயெரு சோபா காரா வாசுரெரு', அதாவது படிக்கப் படிக்க மறந்து போகிறது. ஒரே ஒரு தடவை நடந்ததற்கு இது வராது. பொம்மைகளை எடுத்து வைக்க வைக்கக் குழந்தை மறுபடி இறைக்குமே, அந்த அலுப்புக்குத்தான் வரும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்று சாயங்காலமே உங்களுக்கு உதாரணம் கிடைத்துவிடும்.