கொரோனா காலத்தில் உங்கள் கிராமத்துக் கோயிலில் கிறிஸ்துமஸ் எப்படி நடந்தது?

கேள்வி கேட்டவர் "ஆராதனையே இல்லையா, ஆன்லைனிலா, இல்லை வழக்கம்போலவா?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். 2020 டிசம்பரில் எங்கள் ஊரில் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் நடந்தது. ஆராதனை பெரிதாக அடிபடவில்லை. அடிபட்டதெல்லாம் கோயில் வாசலுக்கு வெளியே நடப்பவைதான். கிராமத்தில் கிறிஸ்துமஸின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டம், சாத்தான்குளம் பக்கம் எங்கள் ஊர். செம்மண் தேரி, பனை, முருங்கை, நடுவில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில். சுற்றிலும் பழைய சபைகள். 1799-இல் உருவான முதலூர் ஒரு பக்கம், வானத்தைத் தொடுகிற கோபுரத்தோடு மெஞ்ஞானபுரம் இன்னொரு பக்கம். எங்களுடையது அந்த வரிசையில் பேர் வராத சின்னக் கோயில். சேகரத்து ஐயர் (போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்) பல ஊர்களைப் பார்க்க வேண்டியவர். அதனால் தினப்படி காரியங்களை உபதேசியாரும் (ஊரிலேயே இருந்து ஐயருக்கு உதவுகிறவர்) கமிட்டிக்காரர்களும் கவனித்துக்கொள்வார்கள்.

சம்பாதிக்கிற வயதுக்காரர்கள் சென்னையிலும் மும்பையிலும் கோவையிலும் கடை வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கடையில் நிற்பார்கள். ஊரில் இருப்பது பெரியவர்களும், அவர்களிடம் விட்டுப்போன பேரப்பிள்ளைகளும்தான். டிசம்பர் இருபதுக்கு மேல் பஸ் பஸ்ஸாக ஆள் வந்து இறங்கினால்தான் ஊருக்கே களை.

இப்போது அந்த வருடத்து விதிமுறையைப் பாருங்கள். வழிபாட்டுத் தலங்களுக்கு மத்திய சுகாதாரத் துறை 2020 ஜூன் 4-ஆம் தேதி வெளியிட்ட நடைமுறையில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தது. பாடகர் குழு கூடாது, பதிவு செய்த பாட்டைப் போட்டுக்கொள்ளலாம். ஆளுக்கு ஆறடி இடைவெளி. உட்காரும் பாயை அவரவரே கொண்டுவர வேண்டும். காரணம் நியாயமானதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் கழித்துவிட்டால் எங்கள் ஊர் ஞாயிறு ஆராதனையில் மிச்சம் ஐயரும் கீபோர்டு வாசிக்கிற தம்பியும்தான்.

தமிழ்நாட்டில் கோயில்கள் பரவலாகத் திறந்தது செப்டம்பர் 1-ஆம் தேதி. அதற்கு முன்னால் குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் மூன்றும் வீட்டுக்குள்ளேயே போயின. குருத்தோலை ஞாயிறு வந்தது ஏப்ரல் 5. ஊரைச் சுற்றிப் பனையாக நிற்க, தெருவில் ஓலை பிடித்து நடக்க ஆளில்லை. அன்று இரவு ஒன்பது மணிக்குப் பிரதமர் விளக்கேற்றச் சொல்லியிருந்ததால், பவனிக்கு வைத்திருந்த மெழுகுவர்த்தியை அதற்கு எடுத்துக்கொண்டோம். அப்போது பழகியதுதான் யூடியூப் ஆராதனை. எங்கள் ஆச்சி செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து, முன்னால் பாயை விரித்து, முக்காடு போட்டுக்கொண்டு உட்காருவாள். ஜெபத்தின்போது விளம்பரம் வந்தாலும் கண்ணைத் திறக்க மாட்டாள். ஒவ்வொரு வாரக் காணிக்கையையும் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். செப்டம்பரில் கோயில் திறந்ததும் அந்த முடிச்சை அப்படியே கொண்டுபோய்ப் போட்டாள்.

டிசம்பர் முதல் வாரம் புரெவி புயல் வருகிறது என்று தென்மாவட்டமே பதறியது. அது வலுவிழந்து போன பிறகுதான் கமிட்டி கூடி கிறிஸ்துமஸைப் பற்றிப் பேசியது. முதல் கேள்வி கரோல்.

வழக்கமாக கரோல் என்றால் ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பி ஒரு மணி வரைக்கும் போகும். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து, முன்னறையில் நெருக்கியடித்து நின்று ஒரு கீர்த்தனை, ஒரு ஜெபம். கருப்பட்டிக் காப்பி ஒரு வீட்டில், சுண்டல் ஒரு வீட்டில். காணிக்கைக் கவரை கிறிஸ்துமஸ் தாத்தா வாங்கிக்கொள்வார். குழந்தை அழும், எல்லாரும் சிரிப்பார்கள். வருடம் முழுக்கப் பேசாமல் இருக்கிற இரண்டு வீட்டுக்காரர்கள், பாடுகிற கூட்டத்தில் நிற்பதால் வேறு வழியில்லாமல் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போவதும் அன்றைக்குத்தான். ஊருக்கு அது எவ்வளவு தேவை என்பது நின்றபிறகு தெரிந்தது.

அந்த வருடம் ராத்திரி வெளியே நிற்கவே ஊருக்குப் பயம். பக்கத்துச் சாத்தான்குளத்தில் ஜூன் மாதம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லி போலீஸ் அழைத்துப்போன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு, அடுத்தடுத்து இறந்துபோனார்கள். எங்கள் ஊரிலும் வீட்டுக்கு ஒருவர் கடைக்காரர். அந்த இரண்டு பேரையும் பழக்கத்தில் தெரிந்தவர்களும் உண்டு. பத்திரிகைகள் அதைப் பேசி முடித்திருக்கலாம், இந்தப் பக்கம் டிசம்பர் வரைக்கும் அதே பேச்சுதான். "ஏழு மணிக்குள்ள முடிங்க அண்ணாச்சி, எதுக்கு வம்பு" என்று பெண்களே சொன்னார்கள். அவர்கள் சொன்னபடியே முடிவானது.

ஒரு குட்டியானை வண்டியை அமர்த்தி, பின்னால் கீபோர்டும் ஸ்பீக்கரும் வைத்து, பாடுவதற்கு நாலைந்து பேர் மட்டும் ஏறிக்கொண்டார்கள். வண்டி தெருமுனையில் நிற்கும். வீட்டுக்காரர்கள் அவரவர் வாசல்படியில் நிற்பார்கள். தாத்தாவுக்கு ஏற்கெனவே பிளாஸ்டிக் முகமூடி உண்டு, அதன் மேலேயே மாஸ்க்கையும் மாட்டிவிட்டார்கள். அவர் மூச்சுவிட முடியாமல் ஆடியதைப் பார்த்து அந்த வருடத்துச் சிரிப்பு வந்தது. காணிக்கை வாங்குவதற்கு யாருக்கோ ஒரு யோசனை தோன்றியது. கோயில் பீரோவுக்குப் பின்னால் நீளக் கம்பு வைத்த பழைய காணிக்கைப் பை ஒன்று கிடந்தது. முந்தைய தலைமுறையில் கூட்டத்துக்கு நடுவே நீட்டி வாங்கியது. வெல்வெட் துணி சாயம் போய், ஓரத்துச் சரிகை பிரிந்திருந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து வந்தார்கள். வண்டியில் நின்றபடியே கம்பை நீட்டினால் கவர் விழும். ஆறடி இடைவெளிக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் பாட்டு எடுபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தெருமுனையில் நின்று ஸ்பீக்கரில் பாடுவது தேர்தல் பிரச்சாரம் போலத்தான் இருந்தது. வீட்டுக்குள் பாடுவது வேறு.

அப்புறம் ஆராதனை. டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்தில் கிறிஸ்து பிறப்பு ஆராதனை விடிவதற்கு முன்னால், நாலு மணிக்கு. மூன்று மணிக்கே முதல் மணி அடித்துவிடும். அந்த வருடம் நாலு மணிக்கு ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள். எந்தத் தெரு எந்த ஆராதனைக்கு என்று உபதேசியார் பட்டியல் போட, நாலு மணி கிடைக்காதவர்களுக்குக் கோபம். ஏழு மணி ஆராதனையை யாரும் கிறிஸ்துமஸ் ஆராதனையாகவே மதிக்கவில்லை. கடைசியில் பட்டியல் பாதிதான் நடந்தது. மீதிப் பேர் நாலு மணிக்கே வந்து வெளியே நின்றார்கள்.

எங்கள் கோயிலில் பெஞ்சு கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில் நீளப் பாய். அந்தப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். பெரியவர்கள் வீட்டிலிருந்து பனையோலைத் தடுக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். தடுக்குப் பின்னுவது ஊரில் நின்றே போயிருந்தது. ஆனாலும் அந்த மாதம் இரண்டு மூன்று பாட்டிகள் ஓலை வாரிப் பின்னிக் கொடுத்தார்கள். காசும் வாங்கினார்கள், சும்மா இல்லை.

அறுபத்தைந்து தாண்டியவர்களை வீட்டில் இருக்கச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. ஐயரும் சாமர்த்தியமாக, "பனி அதிகம், பெரியவர்கள் திண்ணையில் இருந்தே கேளுங்கள், சத்தம் வரும்" என்று மட்டும் அறிவித்தார். கோபுரத்தில் இருந்த கூம்பு ஸ்பீக்கரோடு, இரண்டு தெருமுனைகளில் மேலும் இரண்டு கட்டினார்கள். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறவர்கள் திண்ணையிலேயே எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். மற்றவர்கள் ஐயர் பேச்சைக் கேட்கவில்லை. ஆச்சியும் கேட்கவில்லை. "நான் இத்தனை வருஷம் கோயிலுக்குப் போனேன், இப்ப ஒலிபெருக்கிக்கா போகச் சொல்லுதிய" என்று சேலையை மாற்றிக் கிளம்பிவிட்டாள். சாமியானாவின் கீழே, காற்றோட்டமான ஓரத்தில் உட்காரவைத்தோம். அதற்கு மேல் எங்களால் ஆகவில்லை.

பாடகர் குழு இல்லை. சபையார் மாஸ்க்குக்குள் பாடினார்கள். முதல் சரணம் வரை ஒழுங்கு. மூன்றாவது சரணத்துக்கு வரும்போது பாதிப்பேர் தாடைக்கு இறக்கியிருந்தார்கள். திருவிருந்தில்தான் (அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிற சடங்கு) உண்மையான தயக்கம் வந்தது. எங்கள் சபையில் எல்லாருக்கும் ஒரே பாத்திரம், ஐயர் விளிம்பைத் துடைத்துத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார். அன்று அப்பத்தை ரசத்தில் தோய்த்து, உள்ளங்கையில் படாமல் மேலேயிருந்து போட்டார். சில பெரியவர்கள் முழங்காலில் நின்றபடி வாயைத் திறந்து பாத்திரத்துக்குக் காத்திருந்தார்கள். பழக்கம் அப்படி. ஐயர் குனிந்து காதில் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது.

அசனம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மொத்தச் சபையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. பல ஊர்களில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில் வரும். எங்கள் ஊரில் வெளியூர்க்காரர்கள் திரும்புவதற்குள், கிறிஸ்துமஸை ஒட்டியே வைத்துவிடுவார்கள். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி. கோயில் மதிலோரம் அடுப்பு வெட்டி, ராத்திரியெல்லாம் காய் நறுக்கி, காலையில் ஜெபம் பண்ணி இலை போடுவார்கள். பணக்காரன், ஏழை, சொந்தம், பகை எல்லாம் ஒரே பந்தி. பக்கத்துத் தெரு இந்து வீடுகளுக்கும் சொல்லி அனுப்புவோம், வருவார்கள்.

அந்த வருடம் கமிட்டியில் இரண்டு கட்சி. சமைத்துப் பொட்டலமாகக் கொடுக்கலாம் என்று ஒன்று, வேண்டவே வேண்டாம் என்று ஒன்று. வரி கேட்கவும் முகமில்லை. சென்னையில் மாதக்கணக்கில் கடை பூட்டி, வாடகைக்கே கடன் வாங்கியவர்கள் நிறைய. அதனால் வசதியுள்ள சிலர் செலவை ஏற்றுக்கொண்டு சமைத்தார்கள். ஆளுக்கொரு தூக்குவாளியோடு வந்து வரிசையில் வாங்கிப் போனோம். அதே சோறு, அதே கத்தரிக்காய்க் கூட்டு. வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு அது பிடிக்கவில்லை. பேசாமல் அரிசியும் பருப்பும் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு அசனத்தை ஒரு வருடம் நிறுத்தியிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பலகாரத் தட்டு விஷயத்தில் இன்னொரு சங்கடம். அதிரசமும் முறுக்கும் முந்திரிக்கொத்தும் அடுத்த வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவது வழக்கம், தட்டு வெறுமையாகத் திரும்பாது, சீனியோ வாழைப்பழமோ வைத்து வரும். கொடுத்தால் வாங்குவார்களா, வாங்கினாலும் சாப்பிடுவார்களா என்று எல்லாரும் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். தீபாவளிக்கு எதிர்வீட்டு அக்கா முறுக்கு அனுப்பியிருந்ததால் எங்கள் வீட்டில் அந்தச் சந்தேகம் இல்லை. எங்கள் வீட்டுத் தட்டு போவதைப் பார்த்த பிறகு தெருவில் மற்றத் தட்டுகளும் கிளம்பின.

வெளியூர்க்காரர்கள் எல்லாரும் வரவில்லை. மும்பைக்காரர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் வீட்டிலிருந்தே வேலை என்று மாதக்கணக்கில் ஊரில் தங்கிவிட்ட ஐடி பிள்ளைகள் இருந்ததால் கூட்டம் நாங்கள் பயந்த அளவுக்குக் குறையவில்லை. குடில் கட்டியதும், தெருவில் ஸ்பீக்கர் கட்டியதும், ஆராதனையை செல்போனில் ஒளிபரப்பியதும் அவர்கள்தான். சிக்னலுக்காகப் பக்கத்து வீட்டு மொட்டை மாடிவரை ஒயர் இழுத்தார்கள்.

2021 கிறிஸ்துமஸ் வேறு மாதிரி. அந்த வருடம் ஏப்ரல், மே மாதத்து இரண்டாம் அலையில் ஊர்க்காரர்கள் சிலர் போய்விட்டார்கள். சென்னையில் இறந்த ஒருவரை ஊர்க் கல்லறைக்குக் கொண்டுவரவே முடியவில்லை. அதனால் கட்டுப்பாடு தளர்ந்திருந்தும் கரோல் வண்டி சில வீட்டு முன்னால் பாட்டில்லாமல் ஜெபம் மட்டும் பண்ணிவிட்டு நகர்ந்தது. பெயர் சொல்லி ஜெபித்தார்கள். தடுப்பூசி போட்டிருந்ததால் திருவிருந்துக்கு முன்போல முன்வரிசையில் நெருங்கி முழங்காலிட்டோம். பாத்திரம் மட்டும் திரும்பவில்லை.

இன்றைக்கும் எங்கள் சபையில் அப்பத்தைத் தோய்த்துத்தான் கொடுக்கிறார்கள். தெருமுனை ஸ்பீக்கர்களை யாரும் கழற்றவில்லை, நாலு மணிக்குத் தூங்க நினைப்பவர்களுக்கு அது ஒரு தண்டனை. ஒளிபரப்பை ஒரு வருடம் நிறுத்தப் பார்த்தார்கள், மும்பையிலிருந்து போன் மேல் போன் வந்ததால் தொடர்கிறது. கரோல் வீட்டுக்குள் வந்துவிட்டது, கம்புப் பை பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. அசனமும் பழையபடி பந்தியாகவே நடக்கிறது. தலைக்கட்டு வரியைக் கூட்டியது அதிகமா குறைவா என்று கமிட்டியில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.