காப்பீட்டு அட்டை இருக்கு, அப்புறமும் ஏன் காசு? நெல்லைச் சீமை வாசகர்களின் கேள்விகள்

வாப்பாவுக்கு நெஞ்சுல அடைப்பு. தனியார் ஆஸ்பத்திரியில முதலமைச்சர் காப்பீட்டு அட்டைய வாங்கி வச்சிக்கிட்டு, மேற்கொண்டு இருபதாயிரம் கட்டச் சொல்லுதாவ. அஞ்சு லட்சம்னு சொன்னது பொய்யா? (மேலப்பாளையம் வாசகர்)

பொய்யில்லை. ஆனால் அந்த 5 லட்சம், ஒரு குடும்பம் ஓராண்டில் பயன்படுத்தக்கூடிய உச்சவரம்பு மட்டுமே. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவது அதுவல்ல. ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு முன்பே ஒரு விலை வைத்திருக்கிறது. பேக்கேஜ் என்பார்கள். படுக்கை, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன், மருந்து, பரிசோதனை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அந்த விலை கட்டுப்படியாகவில்லை என்று நினைக்கும் ஆஸ்பத்திரி, மிச்சத்தை உங்களிடம் கறக்கப் பார்க்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியது மூன்று. இந்த ஆஸ்பத்திரி இருதய சிகிச்சைக்குக் காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா? எலும்புக்கு மட்டும் அனுமதி வாங்கிய இடத்தில் இருதயத்துக்கு அட்டை செல்லாது. காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி வந்துவிட்டதா? இருபதாயிரம் எதற்கு, தனி அறைக்கா, அடைப்பை விரிக்க வைக்கும் ஸ்டென்ட்டில் நீங்களே கேட்ட வேறு ரகத்துக்கா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால், டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே, அங்கே நின்றுகொண்டே 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். வீட்டுக்கு வந்தபின் கலெக்டருக்கு எழுதும் மனுவுக்கு ரசீதுதான் உயிர்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் பக்கமும் நியாயம் கொஞ்சம் உண்டு. விலைவாசி ஏறும் வேகத்தில் பேக்கேஜ் தொகை ஏறுவதில்லை. அரசு இதை அவ்வப்போது திருத்தாவிட்டால் அட்டையை வாங்க மாட்டோம் என்பார்கள், அல்லது இப்படிப் பின்வாசல் வழியாக வசூலிப்பார்கள். அதற்காக நோயாளி கட்டணும் என்பது சட்டமில்லை.

ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில எல்லாமே சும்மாதானே அண்ணாச்சி, அங்கயும் எதுக்கு அட்டை கேக்காங்க? (பாளையங்கோட்டை)

நல்ல கேள்வி. கொடுங்கள், தயங்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் உங்களுக்கு நடக்கும் அறுவை சிகிச்சைக்கும் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கிறது. அது அந்த ஆஸ்பத்திரியின் கணக்குக்குப் போய், கருவிகளாகவும் வசதிகளாகவும் திரும்ப வருகிறது. ஒரு பகுதி ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று அரசு ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறது. 2022 ஒப்பந்தத்தில் அது 849 ரூபாய். அந்தப் பணம் தனியாருக்கே முழுதும் போகாமல் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி சேர்ந்திருக்கும், 1965-ல் தொடங்கிய நம் நெல்லை மருத்துவக் கல்லூரிக்கும் கொஞ்சம் வரட்டுமே. என்னைக் கேட்டால், இந்தத் திட்டத்தில் உருப்படியான அம்சமே இதுதான்.

பீடி சுத்துதேன். வீட்டுக்காரருக்குக் கொத்தனார் சோலி. இன்னும் அட்டை எடுக்கல. எங்க போகணும்? (முக்கூடல் வாசகி)

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 72,000 என்று இருந்ததை 2022-ல் உயர்த்தினார்கள். அதற்கு முன்பு ‘உனக்குக் கிடையாது’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி பார்க்கலாம். முதலில் வருமானச் சான்று, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அத்துடன் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஆலங்குளம், கடையம் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள்: 2019-லேயே மாவட்டம் பிரிந்தாச்சு, அவர்கள் தென்காசிக்குத்தான் போகணும்.

ஒரு விஷயம், ரேஷன் கார்டில் பேர் இல்லாதவருக்கு அட்டையிலும் பேர் வராது. புது மருமகள், பிறந்த பிள்ளை இவர்களைத்தான் விட்டுவிடுகிறோம். வலி வந்தபிறகு சேர்க்க ஓடுவதைவிட இந்த வாரமே சேர்த்துவிடுங்கள்.

அம்மைக்குச் சுகரும் பிரஷரும். மாத்திரைக்கே மாசம் ரெண்டாயிரத்துக்கு மேல ஆகுது. அட்டையில வாங்க முடியாதா? (அம்பாசமுத்திரம்)

முடியாது. படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்கும் சில பெரிய பரிசோதனைகளுக்கும்தான் அட்டை. மாதாமாதம் மாத்திரைக்குக் கிடையாது. உண்மையில் நம் வீடுகளைக் கடனில் தள்ளுவது பெரிய ஆபரேஷனைவிட இந்த மாத்திரைச் செலவுதான். காப்பீடு பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

ஆனால் இதற்கு வேறு வழி இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை தருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மையின் பெயரைப் பதிந்தால் போதும். அரசு மாத்திரைக்குச் சக்தி இல்லை என்ற பேச்சை நம்ப வேண்டாம். 1990-களின் நடுவிலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்துத்தான் அனுப்புகிறது. எந்த மாத்திரையையும் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பலசரக்குக் கடை வச்சிருக்கேன். வருமானம் வரம்பைத் தாண்டிருச்சு. எனக்கு ஒண்ணுமே இல்லையா? (வள்ளியூர்)

நடுவில் மாட்டிக்கொண்டவர் நீங்கள். 1,20,001 சம்பாதிப்பவரும் 12 லட்சம் சம்பாதிப்பவரும் ஒரே தட்டில் நிற்பது இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை. வரம்பைத் தாண்டியவர்கள் ஒரு பங்கு பிரீமியம் கட்டிச் சேர வழி வைத்தால் என்ன?

இப்போதைக்குத் தனியார் பாலிசிதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 3 ஆண்டுதான் காக்க வைக்கலாம் என்று 2024-ல் விதி வந்துவிட்டது. சுகர் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். ஏஜென்ட் ‘எழுத வேண்டாம் சார்’ என்றாலும் எழுதுங்கள், பின்னால் பணம் தராமல் இருக்க அதுவே சாக்கு. அறை வாடகைக்கு பாலிசி எவ்வளவு வரை தரும் என்ற வரம்பையும் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு வருமான வரம்பே இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

திருவனந்தபுரத்துல போய்க் காட்டலாமா? (செங்கோட்டை)

அட்டை எல்லோருக்கும் அங்கே செல்லாது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் வெளிமாநிலத்திலும் பயன்படுத்த இடம் உண்டு. 2018-ல் இரண்டு திட்டமும் இணைந்ததால் அட்டை ஒன்றுபோலத் தெரியும், உரிமை ஒன்றில்லை. ரயில் ஏறுமுன் அதே இலவச எண்ணில் கேட்டுவிடுங்கள்.

நாங்குநேரி நாலுவழிச்சாலையில விபத்துன்னா அட்டை எடுத்துட்டு வர வீட்டுக்கு ஓடணுமா? (களக்காடு)

வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் பட்டியலிட்ட ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, எந்த ஊர்க்காரராக இருந்தாலும், அட்டை இல்லாவிட்டாலும் இலவசம். அட்டையை மறுநாள் யாராவது கொண்டுவந்தால் போதும், அதன்பிறகான சிகிச்சைக்கு அதுதான் தேவைப்படும்.