ஒளி கண்டபின் என்ன செய்வது? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

இளவாலையிலிருந்து எழுதுகிறேன். தவக்காலத்தில் எங்கள் பங்கில் மூன்று நாள் தியானம் நடந்தது. இரண்டாம் நாள் இரவு நற்கருணை ஆராதனையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தபோது நெற்றிக்கு நேரே வெள்ளை வெளிச்சம் ஒன்று பரவியது. உடம்பெல்லாம் இளஞ்சூடு. கண்ணீர் நிற்கவில்லை. அதற்குப் பிறகு நாலைந்து நாள் மனதில் ஒரு பாரமும் இல்லாமல் நடந்து திரிந்தேன். படிப்பிக்கும் வேலையை விட்டுவிட்டு முழுநேர இறைபணிக்குப் போவதென்று அந்த நாட்களில்தான் முடிவெடுத்தேன்.

இப்போது ஒன்றுமே இல்லை. அந்த வெளிச்சம் திரும்ப வராதா என்று சாமம் இரண்டு மணிவரை முழந்தாளில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் மட்டும்தான். செபம் வறண்டு போய்விட்டது. வீட்டில் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறேன். வேலிப் பிரச்சினையால் அண்ணாவோடு இரண்டு வருடமாகக் கதை இல்லை. அந்தக் கோபம் முன்னையைவிடக் கூடிவிட்டதுபோல இருக்கிறது. வேறொரு சபைக்குப் போகும் தோழி, அது பிசாசின் வேலை என்கிறாள். எங்கள் செபக்குழுவில், அதுதான் தாபோர் மலை ஒளி, நீ தெரிந்தெடுக்கப்பட்டவள் என்கிறார்கள். எது சரி? என் பாவத்தால்தான் ஒளி போய்விட்டதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

எல்லாவற்றுக்கும் முதல், இன்றைக்கு இரவு பத்து மணிக்குப் படுங்கள். இதைப் பக்திக் குறைவாக எடுக்கவேண்டாம். 1522இல் மன்ரேசா என்ற ஸ்பானிய ஊரில், பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் கடுந்தவத்தில் இருந்தபோது, படுக்கப்போகும் நேரம் பார்த்துப் பெரிய ஞானத் தெளிவுகளும் ஆறுதல்களும் அவருக்கு வந்தன. நித்திரைக்கென்று அவர் ஒதுக்கியிருந்ததே கொஞ்ச நேரம். அதிலும் பெரும்பங்கை இவை எடுத்துக்கொண்டன. கடவுளோடு இருக்கப் பகலெல்லாம் நேரம் வைத்திருக்கிறேனே, இது ஏன் நித்திரை நேரத்தில் வருகிறது என்று யோசித்தார். நல்ல இடத்திலிருந்துதான் வருகிறதா என்ற ஐயம் எழுந்தது. அவற்றை விட்டுவிட்டு, குறித்த நேரம் நித்திரை கொள்வதே மேல் என்று முடிவுசெய்தார்.

அதே ஊரில் பட்டப்பகலில் ஆகாயத்தில் ஒரு வடிவத்தையும் அவர் பலமுறை கண்டார். பாம்புபோன்ற உருவம், கண்கள்போல மினுங்கும் பல புள்ளிகள். பார்க்கப் பார்க்க ஆறுதலாக இருக்கும், மறைந்தால் மனம் வாடிவிடும். பிறகொரு நாள் கார்தொனேர் ஆற்றங்கரையில் அவருக்குப் பெரிய அகத்தெளிவு கிடைத்தது. எழுந்துபோய்ப் பக்கத்திலிருந்த சிலுவையின் முன் முழந்தாளிட்டபோது அதே வடிவம் வந்தது. சிலுவைக்கு முன்னால் அதற்குப் பழைய அழகு இல்லை. அது தீயவனிடமிருந்து வந்தது என்று அப்போதுதான் கண்டுகொண்டார். நீங்கள் கண்டதும் அந்த வகை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வெளிச்சமாக இருந்தது, இனிமையாக இருந்தது என்ற இரண்டை மட்டும் வைத்து எதையும் கடவுளுடையதென்று முடிவுகட்ட முடியாது. திரும்ப வரவேண்டும் என்ற தவிப்பு நித்திரையைக் கெடுக்கத் தொடங்கினால் அங்கே நின்று யோசிக்கவேண்டும்.

உடம்பையும் பார்க்கவேண்டும். பசியும் நித்திரைக்குறைவும் சேர்ந்து, கண்ணை மூடி நெடுநேரம் அசையாமல் இருந்தால் வெளிச்சம் தெரிவது புதுமை அல்ல. ஒற்றைத் தலையிடி உள்ளவர்களுக்கு, வளைந்து நெளிந்த விளிம்போடு மினுங்கும் ஒளி தோன்றி இருபது, முப்பது நிமிடம் மெல்ல விரிந்து மறையும். பின்னால் தலையிடி வரலாம், வராமலும் விடலாம். ஒரு கண்ணில் மட்டும் மின்னல்போல வெட்டி, கரும்புள்ளிகள் மிதந்து, ஓரத்தில் திரை விழுவதுபோல இருந்தால் அன்றைக்கே யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டும். விழித்திரை கழன்றால் நாள் கடத்த முடியாது. நாட்கணக்காக நித்திரை இல்லாமல், அப்படியும் களைப்பில்லாமல், எண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடி, தான் தனியாகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஆள் என்ற நினைப்பும் ஏறிக்கொண்டே போனால் மனநல வைத்தியரைக் காணவேண்டும். வைத்தியரிடம் போவது விசுவாசத்துக்கு விரோதமான காரியம் அல்ல. கடவுள் மனிதரைத் தொடுவது இந்த உடம்பு வழியாகத்தானே.

இனி, சீடர்முன் யேசு ஒளிர்ந்ததாக மரபு சொல்லும் தாபோர் மலைக்கு வருவோம். லூக்கா நற்செய்தி 9ஆம் அதிகாரத்தை ஒரே இருப்பில் முழுவதும் வாசியுங்கள். தவக்கால ஞாயிறு வாசகம் 36ஆம் வசனத்தோடு நின்றுவிடும், ஆனால் உங்களுக்கு வேண்டியது அதற்குப் பிறகு வருகிறது. மலையில் யேசு செபித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய முகம் மாறுகிறது. சீடர்களோ நித்திரைக் கலக்கத்தில் இருக்கிறார்கள். மூன்று கூடாரம் போடுவோம் என்கிறார் பேதுரு. இன்னது சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னார் என்று லூக்கா எழுதுகிறார். அடுத்த நாள் இறங்கி வந்தால் அடிவாரத்தில் வலிப்பு வந்து துடிக்கும் பிள்ளை. 46ஆம் வசனத்தில், தங்களுக்குள் யார் பெரியவர் என்று சீடரிடையே வாக்குவாதம். 54ஆம் வசனத்தில், தங்களுக்கு இடம் கொடுக்காத சமாரிய ஊரை வானத்திலிருந்து தீ இறக்கி அழிக்கட்டுமா என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். அந்த இரண்டு பேர் யாக்கோபும் யோவானும். மலையில் ஒளியைக் கண்ட மூவரில் இருவர்!

அவர்கள் கண்டது பொய்யா? இல்லை. அந்த ஒளி அவர்களுடைய வேலையை முடித்துக் கொடுத்துவிட்டதா? அதுவும் இல்லை. ஊரையே எரிக்கக் கேட்ட யாக்கோபு யேசுவுக்காகத் தன் உயிரைக் கொடுக்கும் அளவுக்கு மாற, சிலுவையும் உயிர்ப்பும் தூய ஆவியின் வருகையும் வேண்டியிருந்தன. கண்ட சில கிழமைகளுக்குள் நீங்கள் அண்ணாவை எரித்துவிடும் கோபத்தோடு நிற்பதை இந்த அதிகாரத்துக்குள் வைத்துப் பாருங்கள்.

தாபோர் ஒளியைப்பற்றி 14ஆம் நூற்றாண்டில் கிழக்குத் திருச்சபையில் பெரிய விவாதமே நடந்தது. கிரேக்க நாட்டு அத்தோஸ் மலைத் துறவிகள் செபத்தில் அதே ஒளியைக் காண்கிறோம் என்றார்கள், பர்லாம் என்ற அறிஞர் அதைப் பரிகசித்தார். துறவிகளுக்காகப் பேசியவர் கிரகோரி பலமாஸ். கடவுளின் உள்ளியல்பை எவரும் காணமுடியாது, ஆனால் அவரிடமிருந்து வரும் படைக்கப்படாத ஒளியில் மனிதர் உண்மையாகவே பங்குபெறலாம் என்றார். கொன்ஸ்தாந்திநோபிளில் 1341இலும் 1351இலும் கூடிய சங்கங்கள் அவர் பக்கம் நின்றன. கத்தோலிக்கர்களாகிய எங்களிடம் இது கோட்பாடாக வரவில்லை. ஆனாலும் அவர் எடுத்துச் சொன்ன ஒன்று எல்லோருக்கும் உதவும்: மலையில் கிறிஸ்து புதிதாக எதுவாகவும் மாறவில்லை, எப்போதும் இருந்தபடியே இருந்தார், மாறியது சீடர்களின் கண். ஒளியை இவ்வளவு உயர்வாகப் பேசிய அந்த மரபிலேயே இன்னொரு ஆசிரியரான சீனாய் கிரகோரியார், செபிக்கும்போது வெளிச்சமோ உருவமோ, கிறிஸ்துவின் சாயலே தெரிந்தாலும், அதை ஏற்றுக்கொண்டு நிற்கவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறார்.

மேற்கில் ஸ்பானியத் துறவியான சிலுவை யோவானும் (1542-1591) இதே இடத்துக்குத்தான் வருகிறார். அவர் காட்டும் காரணம் மிகவும் தெளிவானது. காட்சி கடவுளிடமிருந்து வந்ததானால், தரவேண்டியதை அந்தக் கணத்திலேயே உள்ளத்துக்குள் தந்துவிட்டது, பிறகு அதை விலக்குவதால் ஒன்றும் குறையாது. வேறெங்கிருந்தோ வந்ததானால் விலக்கியதால் தப்பினீர்கள். ஆகவே தோழிக்கும் செபக்குழுவுக்கும் இடையில் நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. நன்றி சொல்லுங்கள், அதை விடுங்கள், செபத்துக்குத் திரும்புங்கள். செபக்குழுவில் அதைப்பற்றி இனிக் கதைக்கவும் வேண்டாம். மலையிலிருந்து இறங்கும்போது யேசு சீடருக்குக் கொடுத்த முதல் கட்டளையே, கண்டதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்பதுதான்.

வறட்சியைப்பற்றிக் கேட்டீர்கள். அதற்குச் சிலுவை யோவான் சொன்ன விறகு உவமையைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. பச்சைப் பூவரசங் கட்டையை அடுப்பில் வைத்தால் உடனே சுவாலை வராது. மறுநுனியில் நீர் கசிந்து சீறும். கண்ணெரியப் புகையும். பட்டை கறுத்துச் சுருளும், கெட்ட மணம் எழும்பும். அந்த ஈரத்தையும் நாற்றத்தையும் நெருப்பு வெளியிலிருந்து கொண்டுவரவில்லை, உள்ளே கிடந்ததைத் துரத்துகிறது. ஈரம் முழுக்கப் போனபின் கட்டை தானே தணலாகி நெருப்பின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும். கறுக்க வைத்த நெருப்பும் ஒளிர வைக்கும் நெருப்பும் ஒன்றுதான் என்று அவர் அழுத்திச் சொல்கிறார். அண்ணாமேல் உங்களுக்குள்ள கோபம் புதிதாக முளைத்திருக்காது, இரண்டு வருடமாக உள்ளே கிடந்தது இப்போது கண்ணில் படுகிறது என்றே நினைக்கிறேன். நித்திரைக்குறைவின் பங்கும் அதில் இருக்கும், அதை மறைக்கக்கூடாது.

பாவத்தால் வரும் வறட்சியையும் கடவுள் தரும் வறட்சியையும் பிரித்தறியச் சிலுவை யோவான் அடையாளம் தருகிறார். செபத்தில் சுவை இல்லை, ஆனால் தொலைபேசியிலும் ஊர்க்கதையிலும் நல்ல சுவை இருக்கிறது என்றால் அது எங்கள் சோம்பல். எதிலுமே சுவை இல்லை, கடவுளை விட்டு விலகிவிட்டேனோ என்ற கவலை மட்டும் விடாமல் அரிக்கிறது என்றால் கடவுள் உள்ளே வேலை செய்கிறார். உங்கள் கடிதம் இரண்டாவதற்குக் கிட்ட நிற்கிறது.

அண்ணாவின் விஷயம்தான் இந்தக் கடிதத்தின் நடு. தான் ஒளியில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு சகோதரரை வெறுப்பவர் இன்னும் இருளிலேயே இருக்கிறார் என்று யோவானின் முதல் திருமுகம் 2:9 சொல்கிறது. வேலி எங்கே நிற்கவேண்டும் என்பதை காணி உறுதியில் உள்ள வரைபடத்தை வைத்து நில அளவையாளர் சொல்லட்டும். நியாயத்தை விட்டுக்கொடுக்கும்படி நான் கேட்கவில்லை. கதையில்லாமல் இருப்பதுதான் வேறு விஷயம். தினமும் ஒருமுறை, அவர் செய்த குற்றங்களைச் சேர்க்காமல், பெயரை மட்டும் சொல்லி அவருக்காகச் செபியுங்கள். இரண்டு கிழமை கழித்து, கோபம் இல்லாத ஒரு பின்னேரம் பார்த்து, வேலியைத் தொடாத ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளைகளின் படிப்பு எப்படி என்பது போதும். பதில் வராவிட்டால் இன்னும் இரண்டு கிழமை பொறுத்து மறுபடியும் கேளுங்கள். ஆனால் "நான் ஒளியைக் கண்டேன், அதனால் உன்னை மன்னிக்கிறேன்" என்று தொடங்கிவிடாதீர்கள். மன்னிப்பு அவரை எட்டாது, நீங்கள் உயரத்தில் நிற்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

மாற்றம் நடக்கிறதா என்று பார்க்கும் இடமும் இதுதான். மோசே நாற்பது நாள் சீனாயில் இருந்துவிட்டு இறங்கியபோது தன் முகம் ஒளிர்வது அவருக்கே தெரியாது. ஆரோனும் மக்களும்தான் கண்டார்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளும் வீட்டாரும் உங்களைவிட முந்திக் காண்பார்கள்.

சாமச் செபத்துக்குப் பதிலாகச் செய்யவேண்டியது இவ்வளவுதான். விடிய இருபது நிமிடம், மணி வைத்து. "ஆண்டவராகிய யேசு கிறிஸ்துவே, கடவுளின் மகனே, பாவியாகிய என்மேல் இரங்கும்" என்பதை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருங்கள். மனம் ஓடினால் கோபிக்காமல் சொற்களுக்குத் திரும்புங்கள். வெளிச்சம் தெரிந்தாலும் அதேதான், சொற்களுக்கே திரும்புங்கள். மூச்சை அடக்கியோ இழுத்துப் பிடித்தோ செய்யவேண்டாம். வழிகாட்டி இல்லாமல் அதைச் செய்கிறவர்களுக்கு நெஞ்சு படபடப்பும் தலையிடியும் வரலாம். இருபது நிமிடம் முடிந்தால், வறட்சியாக இருந்தாலும், ஒரு நிமிடம் கூட்டிவிட்டு எழும்புங்கள். வறட்சி வரும்போது நேரத்தைக் குறைக்காமல் கொஞ்சம் கூட்டச் சொன்னவர் இஞ்ஞாசியார். அதற்காக இரண்டு மணிவரை இழுப்பது அவர் சொன்னது ஆகாது.

இரவு பத்து நிமிடம் இஞ்ஞாசியாருடைய ஆன்மசோதனை. முதலில் அன்றைய நாளுக்காக நன்றி. பிறகு, தன்னைக் காண ஒளி கேட்பது. பிறகு, காலையிலிருந்து மணிக்கணக்காக நாளைத் திருப்பிப் பார்ப்பது. அடுத்து மன்னிப்பு, கடைசியாக நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம். பலருக்கு இது பிழைப்பது முதல் படியிலேதான். நன்றியை விட்டுவிட்டு நேரே குற்றப் பட்டியலுக்குப் போய்விடுவார்கள், பத்து நாளில் வெறுத்துவிடும். கட்டிலில் படுத்துக்கொண்டு செய்தால் மூன்றாவது படி வருமுன் நித்திரை வந்துவிடும். கதிரையில் இருந்து செய்யுங்கள், முடிந்ததும் ஒரு வரி கொப்பியில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை உபவாசத்தைக் கஞ்சியோடு வையுங்கள். தண்ணீர் மட்டும் என்பதை ஆன்ம வழிகாட்டி ஒருவர் சொல்லாமல் செய்யவேண்டாம்.

பாஸ்கா இரவில், அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவில், என்ன நடக்கிறதென்று நினைத்துப் பாருங்கள். கோவிலுக்கு வெளியே புது நெருப்பு. பாஸ்காத் திரியில் சிலுவையும் கிரேக்க மொழியின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அந்த வருட இலக்கமும் பொறித்து, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்து, இருட்டுக் கோவிலுக்குள் கொண்டுவருவார்கள். அந்த ஒரு திரியிலிருந்து பக்கத்தில் நிற்பவரிடம் வாங்கி எங்கள் திரியை ஏற்றுகிறோம். பிறகு, எரியும் திரியைக் கையில் பிடித்தபடி, தீமையை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்கப்படுகிறோம். உங்களுக்கு என்றைக்கும் நம்பகமான ஒளி அதுதான். அந்தக் கேள்விகளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருமுறை வாசியுங்கள்.

கடைசியாக வேலை. ஆறுதல் வந்த நேரத்தையும் அது அடங்கியபின் உள்ளே மிஞ்சும் சூட்டையும் பிரித்துப் பார் என்று இஞ்ஞாசியார் எச்சரிக்கிறார். அந்தச் சூட்டில் நாங்கள் போடும் திட்டங்கள் பெரும்பாலும் எங்களுடையவை. வறட்சி வந்தபின் எந்தப் பெரிய முடிவையும் மாற்றாதே என்றும் அவரே சொல்கிறார். உங்கள் முடிவு முன்னதில் பிறந்தது, இப்போது நிற்பது பின்னதில். தமஸ்கு வழியில் ஒளியைக் கண்ட பவுலே மூன்று நாள் கண் தெரியாமல் இருந்து, தமஸ்குவில் இருந்த சீடரான அனனியாவின் கை தன்மேல் பட்டபின்தான் பார்வை பெற்றார். எருசலேமுக்குப் போய்ப் பேதுருவைக் காண மூன்று வருடம் எடுத்தது. ஆகவே அடுத்த தவக்காலம்வரை விலகல் கடிதம் கொடுக்கவேண்டாம்.

இடையில், மாதம் ஒருமுறை ஒரே ஒருவரிடம் போங்கள். பங்குத்தந்தையிடம் போகலாம். மௌன செபத்தில் பழகிய ஒருவர் வேண்டுமென்றால், 1928இல் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் சபைத் துறவிகளிடம் கேட்கலாம். போகும்போது கொப்பியைக் கொண்டுபோங்கள். வெளிச்சத்தைப்பற்றி ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தில் நித்திரை, சாப்பாடு, அண்ணா, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.